வங்கி டெபாசிட்டுக்கு அரசு முழு உத்தரவாதம் தரலாமா? 5 லட்சம் வரம்பின் கணக்கும் விளைவும்

கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. வங்கி திவாலானால் 5 லட்சம்தான் கிடைக்கும் என்கிறார்களே, முழுத் தொகைக்கும் அரசே பொறுப்பேற்றால் என்ன? அப்படி ஏற்காத நிலையில், ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்தை எப்படிப் பிரித்து வைப்பது? முதல் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் இரண்டாவதில் எங்கே கவனம் வேண்டும் என்பது விளங்கும். அதே வரிசையில் போகிறேன்.

முதலில் ஒரு தெளிவு. இந்த 5 லட்சம் அரசு கொடுக்கும் உத்தரவாதம் அல்ல. ரிசர்வ் வங்கிக்கு முழுச் சொந்தமான டெபாசிட் காப்பீடு மற்றும் கடன் உத்தரவாதக் கழகம் (டி.ஐ.சி.ஜி.சி.) தரும் காப்பீடு. பிரீமியத்தை வங்கிகள்தான் கட்ட வேண்டும், வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது. 2020 ஏப்ரலிலிருந்து 100 ரூபாய் டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 12 பைசா என்பது அதன் அடிப்படை விகிதம். பலர் கவனிக்காத ஒன்று: பிரீமியம் மொத்த டெபாசிட்டுக்கும் கணக்கிடப்படுகிறது, காப்பீடு 5 லட்சம் வரை மட்டுமே. ஒருவர் 1 கோடி போட்டிருந்தால் வங்கி அதற்காக 12,000 ரூபாய் கட்டுகிறது, ஆனால் காப்பு 5 லட்சத்தோடு நின்றுவிடுகிறது. அரசின் நேரடி உத்தரவாதம் உள்ளவை வேறு. அஞ்சலக சேமிப்புத் திட்டங்கள் அப்படிப்பட்டவை. எல்.ஐ.சி. பாலிசிகளுக்கு அந்த நிறுவனத்தின் சட்டத்திலேயே 37ஆம் பிரிவு இருக்கிறது. வங்கி டெபாசிட்டுக்கு, அது பொதுத்துறை வங்கியாகவே இருந்தாலும், அப்படியொரு சட்டப் பிரிவு இல்லை.

இந்தக் காப்பீடு நெருக்கடியில் பிறந்தது. 1960இல் லட்சுமி வங்கியும், கேரளத்தின் பெரிய வங்கியாக இருந்த பாலாய் சென்ட்ரல் வங்கியும் மூடப்பட்டன. அதன் அதிர்ச்சியில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, நலிந்த வங்கியை வலுவான வங்கியோடு கட்டாயமாக இணைக்கும் அதிகாரம். மற்றது 1961இன் டெபாசிட் காப்பீட்டுச் சட்டம், 1962 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றைய வரம்பு 1,500 ரூபாய். அது படிப்படியாக உயர்ந்து 1993 மே மாதம் 1 லட்சமானது. அதன்பின் 27 ஆண்டுகள் அசையவே இல்லை. 2020 பிப்ரவரி 4 அன்றுதான் 5 லட்சமானது. விலைவாசி ஏறிக்கொண்டே போக, வரம்பு மட்டும் அப்படியே கிடந்தால் காப்பு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது என்று பொருள். இதற்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

காப்பீட்டின் முதல் வேலை இழப்பை ஈடுகட்டுவது என்று பலரும் நினைக்கிறார்கள். அதைவிடப் பெரிய வேலை, ஓட்டத்தை, அதாவது எல்லோரும் ஒரே நேரத்தில் பணம் எடுக்க வங்கிக்கு ஓடுவதைத் தடுப்பது. வங்கி நமது பணத்தைப் பெட்டியில் வைத்திருப்பதில்லை, பெரும்பகுதியைக் கடனாகக் கொடுத்துவிடுகிறது. எல்லோரும் ஒரே நாளில் கேட்டால் நல்ல வங்கியாலும் கொடுக்க முடியாது. ஆகவே வதந்தி பொய்யாகவே இருந்தாலும், முதலில் போய் எடுப்பவனே புத்திசாலி என்றாகிவிடுகிறது. பணம் எப்படியும் வரும் என்ற உறுதி இருந்தால் வரிசையில் நிற்க யாருக்கும் அவசியமில்லை.

அந்த உறுதி அரைகுறையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கி முன் நின்ற வரிசையே சாட்சி. அங்கே அப்போது காப்பீடு இருந்தது: முதல் 2,000 பவுண்டுக்கு முழுவதும், அடுத்த 33,000 பவுண்டுக்கு 90 சதவீதமும். மக்களும் கொஞ்சம் இழப்பைச் சுமந்தால் நல்ல வங்கியைத் தேடிப் போவார்கள் என்பது அதை வடிவமைத்தவர்களின் எண்ணம். நடந்தது வேறு. 20,000 பவுண்டு வைத்திருப்பவர் 1,800 பவுண்டை இழக்கலாம் என்றால், காலையிலேயே போய் வரிசையில் நிற்பதுதான் அவருக்கு லாபம். காப்பீடு இருந்தும் ஓட்டம் நடந்தது. சில நாட்களில் அரசே முன்வந்து அந்த வங்கியின் டெபாசிட்டுகளுக்கு உறுதி சொன்ன பிறகுதான் கூட்டம் கலைந்தது. அக்டோபர் 1 முதல் 35,000 பவுண்டு வரை 100 சதவீதம் என்று விதியையும் மாற்றினார்கள். சிறிய தொகைக்கு முழுக் காப்பு, அதற்குமேல் காப்பே இல்லை என்ற அமைப்பு உலகெங்கும் பரவியிருப்பதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

சரி, முழுக் காப்பு ஓட்டத்தை நிறுத்துகிறது என்றால் எல்லாவற்றுக்கும் கொடுத்துவிடலாமே?

இங்கேதான் செலவுக் கணக்கு வருகிறது. டெபாசிட்தாரருக்குப் பயம் இல்லையென்றால், வங்கி பணத்தை என்ன செய்கிறது என்று கேட்கவும் ஆளில்லை. அரை சதவீதம் வட்டி கூடுதலாகக் கொடுத்தால் எந்த மோசமான வங்கிக்கும் பணம் வந்து குவியும். அமெரிக்காவில் 1980இல் காப்பீட்டு வரம்பை 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராக உயர்த்தினார்கள். வீட்டுக்கடன் கொடுக்கும் சேமிப்பு நிறுவனங்கள் அப்போதே உள்ளுக்குள் திவாலாகிக் கிடந்தன. பழைய கடன்களில் குறைந்த வட்டி, புதிய டெபாசிட்டுக்கு உயர்ந்த வட்டி என்று மாட்டிக்கொண்டவை அவை. வரம்பு உயர்ந்ததும் தரகர்கள் பெரிய தொகைகளை 1,00,000 டாலர் துண்டுகளாக்கி, எங்கே வட்டி அதிகமோ அங்கே போட்டார்கள். இழக்க ஒன்றுமில்லாத நிறுவனங்கள் அந்தப் பணத்தை ரியல் எஸ்டேட்டிலும் இன்னும் ஆபத்தான இடங்களிலும் கொட்டின. அவற்றுக்கான காப்பீட்டு நிறுவனமே திவாலாகி 1989இல் கலைக்கப்பட்டது. வரி கட்டுவோர் தலையில் விழுந்தது சுமார் 124 பில்லியன் டாலர். இதில் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்: காப்பீடு மட்டும் இந்த அழிவைக் கொண்டுவரவில்லை. திவாலானவற்றை உடனே மூடாமல் கண்காணிப்பாளர்கள் தள்ளிப்போட்டதும், வரம்பு உயர்ந்ததும் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் இழப்பு இவ்வளவு பெருகியது. 1991இல் அமெரிக்கா அந்த இரண்டையும் சேர்த்தே திருத்தியது. வங்கியின் மூலதனம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் கண்காணிப்பாளர் தலையிட்டே ஆக வேண்டும், ஆபத்துக்கு ஏற்ப பிரீமியம் என்ற இரண்டும் அப்போது வந்தவை.

முழு உத்தரவாதத்தின் விலைக்கு அயர்லாந்தைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 2008 செப்டம்பர் 20 அன்று அந்நாட்டு அரசு டெபாசிட் வரம்பை 20,000 யூரோவிலிருந்து 1,00,000 யூரோவாக உயர்த்தியது. பத்தே நாளில் அது போதாமல், 29ஆம் தேதி இரவோடு இரவாக முடிவெடுத்து, ஆறு வங்கிகளின் எல்லா டெபாசிட்டுக்கும், பெரும்பாலான கடன்பத்திரங்களுக்கும் சேர்த்து இரண்டு ஆண்டு உத்தரவாதம் கொடுத்தது. தொகை சுமார் 440 பில்லியன் யூரோ, அந்நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல் இரு மடங்குக்கும் மேல். சிக்கல் பணப்புழக்கத்தில்தான், வங்கிகள் உள்ளுக்குள் வலுவாக இருக்கின்றன என்று அன்று நம்பினார்கள். உண்மையில் ரியல் எஸ்டேட் கடன்கள் அழுகிப் போயிருந்தன. வங்கிகளைத் தாங்க அரசு கொட்டியது சுமார் 64 பில்லியன் யூரோ. 2010இல் பட்ஜெட் பற்றாக்குறை உற்பத்தியில் 32 சதவீதத்தைத் தொட்டது, அந்த நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் சர்வதேச நிதியத்திடமும் கை நீட்ட வேண்டியதாயிற்று. டெபாசிட்தாரரைக் காப்பாற்றியதை நான் குறை சொல்ல மாட்டேன். தெரிந்தே ஆபத்தை ஏற்றுக் கடன்பத்திரம் வாங்கிய முதலீட்டாளர்களையும் அதே குடைக்குள் சேர்த்ததுதான் பெரிய தவறு. பக்கத்து நாடுகளும் சும்மா இருக்க முடியவில்லை. அயர்லாந்துக்குப் பணம் போய்விடும் என்ற அச்சத்தில் அடுத்தடுத்து அவையும் உறுதிமொழி கொடுக்கத் தொடங்கின. ஒரு நாட்டின் உத்தரவாதம் அடுத்த நாட்டின் கையையும் முறுக்குகிறது.

இந்தியக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். வங்கிகளில் உள்ள டெபாசிட் 200 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. மத்திய அரசின் 2025-26 பட்ஜெட்டின் மொத்தச் செலவே சுமார் 50 லட்சம் கோடி. காப்பீட்டுக் கழகத்தின் நிதி 2 லட்சம் கோடியைத் தாண்டியிருக்கிறது, அதாவது மொத்த டெபாசிட்டில் ரூபாய்க்கு ஒரு பைசா அளவு. சிறிய, நடுத்தர வங்கிகள் விழுந்தால் இது தாராளம். மிகப் பெரிய வங்கி ஒன்று விழுந்தால் எந்தக் காப்பீட்டு நிதியும் போதாது, அப்போது அரசுதான் வர வேண்டும். இன்றைய 5 லட்சம் வரம்பில், எண்ணிக்கைப்படி பார்த்தால் சுமார் 98 சதவீதக் கணக்குகள் முழுமையாகக் காக்கப்படுகின்றன. தொகைப்படி பார்த்தால் சுமார் 42 சதவீதம்தான். வரம்பை ஒரேயடியாக உயர்த்தினால் கூடுதலாகக் காப்புப் பெறுவது அந்த மீதி 2 சதவீதக் கணக்குகள்தான். அதற்கான செலவு எல்லா வங்கிகள் மீதும், கடைசியில் கொஞ்சம் குறைந்த டெபாசிட் வட்டியாக நம் எல்லோர் மீதும் விழும்.

நம் நாட்டில் எழுதப்படாத உத்தரவாதம் ஒன்றும் இருக்கிறது. கரூரில் 1926இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 17 அன்று முடக்கப்பட்டது, ஒருவர் 25,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்றார்கள். பத்து நாளில், 27ஆம் தேதி, அது டி.பி.எஸ். வங்கி இந்தியாவோடு இணைக்கப்பட்டது. எவ்வளவு பெரிய டெபாசிட்டாக இருந்தாலும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. பங்குதாரர்களுக்கோ ஒன்றும் மிஞ்சவில்லை. யெஸ் வங்கியிலும் 2020 மார்ச்சில் டெபாசிட்தாரர்களுக்கு இதே கதை, ஸ்டேட் வங்கி முன்னின்று மூலதனம் போட்டது. இப்போது மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கியைப் பாருங்கள். மொத்தக் கடனில் 70 சதவீதத்துக்கு மேல் ஒரே கட்டுமானக் குழுமத்துக்குப் போயிருந்தது. அதை மறைக்க 21,000க்கும் மேற்பட்ட போலிக் கணக்குகள் என்று விசாரணையில் வெளிவந்தது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தபோது ஒருவர் எடுக்க முதலில் அனுமதித்தது 1,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி 1 லட்சம் வரை போனார்கள். தீர்வு வந்தது 2022 ஜனவரியில், யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைத்தபோது. 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு 10 ஆண்டுகள் வரை நீளும் தவணை.

சட்டத்தில் இருவருக்கும் ஒரே காப்பீடு. ஆனால் ஒருவருக்குப் பத்து நாளில் முழுப் பணமும், இன்னொருவருக்கு இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருப்பும் தவணையும். பெரிய வணிக வங்கியென்றால் அரசும் ரிசர்வ் வங்கியும் விழவிடாது, கூட்டுறவு வங்கியென்றால் காப்பீடுதான் கதி என்பது நடைமுறையாகிவிட்டது. சிறு வியாபாரிகள், ஓய்வூதியர்கள் பலர் கூட்டுறவு வங்கிகளில் பணம் போடுகிறார்கள். இந்த அநீதியைப் பற்றித்தான் நாம் அதிகம் பேச வேண்டும், வரம்பு 5 லட்சமா 10 லட்சமா என்பது அடுத்த கேள்வி. பணம் வைப்பவர்களும் இந்த வித்தியாசத்தை உணர்ந்தே இருக்கிறார்கள். யெஸ் வங்கிச் சிக்கலின்போது சில மாநில அரசுகளே தனியார் வங்கிகளிலிருந்து தங்கள் பணத்தை எடுக்க முனைந்தன, ரிசர்வ் வங்கி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதித் தடுக்க வேண்டியிருந்தது. அரசு டெபாசிட்டுகளுக்கு இந்தக் காப்பீடு கிடையாது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கூட்டுறவு வங்கிகளின் பக்கம் இன்னொரு கணக்கும் உண்டு. பிரீமியத்தில் மிகப் பெரும்பகுதியைக் கட்டுவது வணிக வங்கிகள். காப்பீட்டுத் தொகையில் மிகப் பெரும்பகுதி போவது கூட்டுறவு வங்கிகளின் டெபாசிட்தாரர்களுக்கு. நன்றாக நடக்கும் வங்கிக்கும் கணக்கை மறைக்கும் வங்கிக்கும் அறுபது ஆண்டுகளாக ஒரே 12 பைசா அல்லது அதற்கு முந்தைய விகிதம்தான் இருந்தது. ஆபத்துக்கு ஏற்ற பிரீமியம் கொண்டுவருவதாக 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது நல்ல திருப்பம். 12 பைசாவை உச்சமாக வைத்து, நல்ல வங்கிகளுக்குக் குறைப்பது என்ற வழி தப்பில்லை. ஆனால் மோசமான வங்கிக்கு இதனால் செலவு கூடுவதில்லை. அதை அடக்கக் கண்காணிப்பு ஒன்றுதான் இருக்கிறது. பி.எம்.சி.க்குப் பிறகு 2020இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தி, கூட்டுறவு வங்கிகளின் நிர்வாகத்தின் மேல் ரிசர்வ் வங்கிக்கு அதிகாரம் கொடுத்தது அந்த வகையில் வரம்பு உயர்வைவிட முக்கியமானது.

அதே அளவு முக்கியமானது 2021இல் டெபாசிட் காப்பீட்டுச் சட்டத்தில் வந்த 18ஏ பிரிவு. முன்பு உரிமம் ரத்தாகி, கலைப்பாளர் (மூடிய வங்கியின் சொத்தை விற்றுப் பாக்கிகளை அடைப்பவர்) வந்து, பட்டியல் தயாரித்த பிறகுதான் காப்பீட்டுப் பணம். கட்டுப்பாட்டிலேயே வங்கி ஆண்டுக்கணக்கில் கிடந்தால் டெபாசிட்தாரரும் கிடக்க வேண்டியதுதான். இப்போது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்த நாளிலிருந்து கணக்கு ஓடத் தொடங்குகிறது. முதல் 45 நாளில் வங்கி டெபாசிட்தாரர் பட்டியலைக் கழகத்திடம் தர வேண்டும், அடுத்த 30 நாளில் சரிபார்ப்பு, அடுத்த 15 நாளில் பணம். மொத்தம் 90 நாள். இணைப்புப் பேச்சு நடந்தால் மேலும் 90 நாள் தள்ளலாம்.

இது தானாக நடந்துவிடாது. அந்த 45 நாளுக்குள் நீங்கள் விருப்பக் கடிதம் தர வேண்டும், பணம் போக வேறொரு வங்கியில் உங்கள் பெயரில் கணக்கும் காட்ட வேண்டும். பெரும்பாலும் சிக்குவது இங்கேதான்: கே.ஒய்.சி. புதுப்பிக்காத பழைய கணக்கு, ஆதாரில் ஒரு எழுத்தும் பாஸ்புக்கில் வேறு எழுத்துமாக இருக்கும் பெயர், கூட்டுக் கணக்கில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பது, கணக்குதாரர் இறந்துபோய் நாமினி பதிவு இல்லாதது. கழகம் உங்களை நேரடியாக அழைத்துக் கட்டணம் கேட்காது, எல்லாம் வங்கி வழியாகவே நடக்கும். ஓ.டி.பி. கேட்டு யாராவது போன் செய்தால் அது மோசடி.

இனி பிரித்து வைக்கும் கணக்கு. 5 லட்சம் என்பது ஒரு வங்கியில், ஒரே தகுதியில், ஒரு நபருக்கு. சேமிப்பு, நடப்பு, எஃப்.டி., ஆர்.டி. எல்லாம் கூட்டப்படும். கிளைகள் வேறானாலும் கூட்டப்படும். உங்கள் பெயரில் நடக்கும் தனியுரிமைக் கடையின் நடப்புக் கணக்கும் உங்கள் கணக்கோடுதான் சேரும், கூட்டாண்மை நிறுவனத்தின் கணக்கு தனி. நாமினி சேர்ப்பதால் காப்பு கூடாது. கணவன் தனியாக, மனைவி தனியாக, கணவன்-மனைவி என்ற வரிசையில் ஒரு கூட்டுக் கணக்கு, மனைவி-கணவன் என்ற வரிசையில் இன்னொன்று: இவை நான்கும் நான்கு தகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி 5 லட்சம். ஒரே பெயர் வரிசையில் மூன்று கூட்டுக் கணக்கு வைத்தால் அவை மூன்றும் ஒன்றுதான்.

அசலும் வட்டியும் சேர்த்துத்தான் 5 லட்சம் என்பதை மறந்துவிடுகிறார்கள். 7 சதவீதத்தில், காலாண்டுக்கு ஒருமுறை வட்டி அசலோடு சேரும் எஃப்.டி.யில் 4,50,000 போட்டால் ஓராண்டில் 4,82,000ஐத் தாண்டும், ஒன்றரை ஆண்டு கடந்ததும் 5 லட்சத்தைத் தொடும். ஆகவே இரண்டு, மூன்று ஆண்டு போடுபவர்கள் அசலை 4 லட்சத்தில் நிறுத்துவதோ, வட்டியை மாதாமாதம் வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்வதோ நல்லது.

அதே வங்கியில் கடன் இருந்தால் அதைக் கழித்த பிறகே காப்பீடு. 6 லட்சம் டெபாசிட், 2 லட்சம் நகைக்கடன் என்றால் கிடைப்பது 4 லட்சம். 9 லட்சம் டெபாசிட்டும் அதே கடனும் என்றால் மீதி 7 லட்சம், அதில் காப்பு 5 லட்சம். மிச்ச 2 லட்சத்துக்குக் கலைப்பாளர் வசூலிக்கும் பணத்தை எதிர்பார்த்து நிற்க வேண்டும், அந்த வசூலிலிருந்து கழகத்துக்கான பாக்கியும் அடைக்கப்பட வேண்டியிருப்பதால் அது எளிதில் வராது.

மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியும் நகரக் கூட்டுறவு வங்கியும் காப்பீட்டுக்குள் வருபவை. ஊரில் உள்ள தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமும், அலுவலகப் பணியாளர் சிக்கன நாணயச் சங்கமும் வராது. ஒரே கட்டடத்தில், ஒரே மாதிரிப் பெயர்ப்பலகையோடு இருந்தாலும் சட்டத்தில் இரண்டும் வேறு. நிதி நிறுவன எஃப்.டி., நிதி லிமிடெட், சீட்டு, நகைக்கடைச் சேமிப்புத் திட்டம் எதற்கும் இந்தக் காப்பு இல்லை. சந்தேகம் இருந்தால் கழகத்தின் இணையதளத்தில் காப்பீடு பெற்ற வங்கிகளின் பட்டியல் இருக்கிறது. ரசீதில் அச்சிட்டிருக்கும் முழுப் பெயரை எழுத்துக்கு எழுத்து அதில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.